வேலிக்கு வெளியே ஏழு கூன்வண்டுகள்

அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று என்னிடம் ஆள் அனுப்பியிருந்தார்கள். "நல்லபடியா முடிஞ்ச வேலை ஒண்டைப் பற்றி எழுதுங்கோ மிஸ், பிள்ளையளுக்கு உற்சாகமா இருக்கும்" என்று வந்தவர் சொன்னார். இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். நல்லபடியாக முடிந்த வேலைகளிலிருந்து நான் பெரிதாக எதையும் கற்றுக்கொண்டதாக ஞாபகம் இல்லை. ஆகவே நான் செய்த பெரிய பிழை ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். உற்சாகம் வேண்டுமென்றால் வாசித்து முடித்தபின் ஒரு பிளேன்ரீ குடித்துக்கொள்ளுங்கள்.

வண்டை எப்படித் தேடுவது, எப்படி எண்ணுவது, எந்தப் படிவத்தில் எழுதுவது என்பதெல்லாம் இதில் இல்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. கையேட்டில் இல்லாத சங்கதிதான் இது.

அரிசிக்குள் கிடக்கும் வண்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதற்குச் சொந்தக்காரன்தான் எங்கள் வண்டும். மூஞ்சி நீண்டு முன்னால் வளைந்திருப்பதால் கூன்வண்டு என்கிறோம். கொத்தமல்லி விதையளவு, சாம்பல் நிறம். தரையோடு படர்ந்து சின்ன நீலப் பூப் பூக்கும் விஷ்ணுகிரந்தியின் வேரில் இதன் புழு வளரும். மாரியின் முதல் மழைக்கு வண்டு மண்ணைவிட்டு மேலே வரும். இதற்குப் பறக்கத் தெரியாது. முதுகு ஓடுகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தவை. இருக்கும் இடத்தில் செடி இல்லாமல் போனால் நடந்துதான் வேறிடம் போகவேண்டும். கொத்தமல்லி விதையளவு பிராணி எவ்வளவு தூரம் நடக்கும்? சிலாவத்துறையிலிருந்து நானாட்டான் பக்கம் போகும் வழியில் இருந்த ஒரேயொரு புல்வெளியில்தான் இதைக் கண்டிருக்கிறோம். அந்தப் பக்கத்துச் சனங்கள் அந்தப் புல்வெளியைத் தரவை என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

நான் பேசாலையில் கடற்தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் பூச்சியைப் பற்றிப் பேச்சு வந்தால் அது கருவாட்டில் விழுந்த பூச்சியாகத்தான் இருக்கும். கம்பசில் படித்துவிட்டு எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த வேலைக்கு வந்தபோது, "வண்டு பிடிக்கவோ மகளே இவ்வளவு படிச்சனீ?" என்று அம்மா ஒருமாதம் கவலைப்பட்டா. ஆனால் அந்தத் தரவையை முதன்முதலாக மழைக்குப் பிறகு பார்த்த காலையிலேயே எனக்கு அதில் மனம் போய்விட்டது. ஆட்டுக்கு மயிர் கத்தரித்த மாதிரிக் கட்டைப் புல். அதற்குள் எங்கு பார்த்தாலும் நீலப் பூ. தூரத்தில் கடல் இரையும். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தக் காலைதான் வருகிறது. அதற்காக வெட்கப்படவில்லை.

முதல் மாரியில் ஒருநாள் நான் முழங்காலில் நின்று தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் மாட்டு மணிச் சத்தம் கேட்டது. கூடவே ஒரு குரலும்.

"என்ன மிஸ், தோடு ஏதும் துலைஞ்சு போச்சோ?"

அவர்தான் காசீம் நானா. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், அவ்வளவுதான். அண்ணன் என்பதுபோல நானா என்றது மரியாதைக்கு. சிலாவத்துறை ஆள். பெரிய மாட்டுப் பட்டி வைத்திருந்தார், ஆனால் அதில் அவருடைய சொந்த மாடுகள் கொஞ்சம்தான். மாரியில் காலபோகத்துக்கு வயல் விதைத்ததும் நானாட்டான் கமக்காரர் தங்கள் மாடுகளை வயல் பக்கம் வைத்திருக்க முடியாது. பயிரைத் தின்றுவிடும். அதனால் மாடுகளைக் கொண்டுவந்து காசீம் நானாவிடம் ஒப்படைப்பார்கள். மாரி முழுக்க அவை தரவையில் மேயும். அரிவு வெட்டு முடிந்ததும் ஒட்டுப்புல் மேய வயலுக்குத் திரும்பிப் போகும். வேதக்காரர் மாடு, சைவக்காரர் மாடு, முஸ்லிம் ஆட்களின் மாடு எல்லாம் ஒரே பட்டியில்தான் நிற்கும். எந்த மாடு எவருடையது என்று சுட்ட குறியைப் பார்க்காமலே நடையைப் பார்த்துச் சொல்லுவார்.

"தோடு இல்ல நானா, வண்டு பார்க்கிறன்" என்று உள்ளங்கையை நீட்டிக் காட்டினேன்.

குனிந்து பார்த்தார். "இதைப் பார்க்கவோ கவுண்மேந்து சம்பளம் தருது?"

"ஓம்."

"அப்ப எனக்கும் ஒரு வேலை எடுத்துத் தாங்கோ. நான் இதை நெடுகக் காணுறனான்."

"எங்க காணுறனீங்கள்?"

"மாடு மிதிச்ச இடத்திலதான். வேற எங்க?"

அன்றைக்கே நான் மாட்டுக் குளம்புப் பள்ளங்களைத் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அங்கேதான் வண்டு கிடந்தது. உயிரோடும் கிடந்தது, நசிந்து மூன்று செத்தும் கிடந்தது. நான் அந்த மூன்றையும்தான் எழுதினேன். 'கால்நடைகளின் மிதிப்பினால் அழிவு' என்று தலைப்புப் போட்டு, அடிக்கோடும் போட்டு எழுதினேன். குளம்பு பட்டு மண் இளகிய இடத்தில்தான் விஷ்ணுகிரந்தியின் விதை முளைக்கிறது, அதைத் தேடித்தான் வண்டு அங்கே வருகிறது என்பது என் மூளையில் ஏறவில்லை. தெருவில் அடிபட்ட நாயைக் கண்டவள், தெருவில் நாய்கள் ஏன் திரிகின்றன என்று கேட்கவில்லை.

எனக்கு மேலே இருந்த அதிகாரி நல்ல மனிதர். அறிக்கையை வாசித்துவிட்டு, "அப்ப வேலி போடுவம் பிள்ளை" என்றார். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். வேலைக்கு வந்து ஒரு வருடத்தில் என் பேச்சுக்கு ஒரு வேலி. தரவையின் வரைபடத்தில் சிவப்புப் பேனையால் நானே கோடு கீறினேன். வண்டிப்பாதை ஓரமாக ஒரு ஒடுங்கிய துண்டு மட்டும் வெளியே விடுபட்டது. மாட்டு வண்டில் போக இடம் வேண்டுமே என்று அதை விட்டேன். மற்ற முழுவதும் உள்ளே.

கட்டை நடுவதற்கு முந்திய வாரம் காசீம் நானா நாங்கள் வேலை செய்யும் கந்தோருக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"வேலி போடுறதெண்டு கேள்விப்பட்டன். உண்மையோ மிஸ்?"

"ஓம் நானா. வண்டைக் காப்பாத்த வேணும். உலகத்தில வேற இடத்தில இது இல்ல."

"மாட்டை எங்க விடுறது?"

"குளத்துக்கு அங்கால இடம் இருக்குத்தானே."

"அங்கால கல்லுத்தரை. ஊராக்கள் என்னை நம்பித் தந்த மாட்டை எலும்பும் தோலுமாத் திருப்பிக் குடுக்க ஏலாது." மேசையில் கிடந்த வரைபடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு, "ஒண்டு செய்யுங்கோ மிஸ். பாதியை அடையுங்கோ. பாதியை விடுங்கோ. ரெண்டு பக்கத்தையும் ரெண்டு மாரி பாப்பம்" என்றார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு பக்கத்தை மாற்றாமல் விட்டு, மறுபக்கத்தை மாற்றி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி என்று எனக்குக் கம்பசில் மூன்று வருடம் படிப்பித்தார்கள். சோதனையில் எழுதிப் பாசும் பண்ணினேன். அதையே மாட்டுப்பட்டிக்காரர் ஒருவர் என் மேசைக்கு முன்னால் நின்று சொன்னபோது, எனக்கு அது ஆராய்ச்சியாகத் தெரியவில்லை. பேரம் பேசுகிறார் என்று நினைத்தேன். "வரைபடம் முடிஞ்சுது நானா, இனி மாத்தேலாது" என்றேன்.

"சரி" என்றார். "ஆனா மாடு வராத தரவை, தரவையா இராது மிஸ்." அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

வேலி வந்தது. கட்டை, முள்ளுக்கம்பி, பெரிய இரும்புப் படலை, பூட்டு. பூட்டின் திறப்பு என்னிடம். முதல் மாரிக்குப் புல் முழங்கால் மட்டத்துக்கு எழும்பியது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "ஆகா, என்ன பச்சை" என்றார்கள். நானும் படம் எடுக்க நின்றேன். நீலப் பூ குறைந்திருந்ததைக் கண்டேன். மழை பிந்தியது காரணமாக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வண்டு இரண்டுதான் கிடைத்தது. அந்த வருட அறிக்கையில் நான் எழுதிய வசனம் இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. 'கடும் மழை காரணமாகக் கணக்கெடுப்பு முழுமை பெறவில்லை.' மழை பெய்தது உண்மை. கணக்கெடுப்பு முழுமை பெற்றதும் உண்மை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நான் மழையில் மறைத்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், பயம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பயமில்லை. என் வேலி பிழையாகப் போகாது என்று நான் நம்பினேன். இன்னும் ஒரு மாரி போனால் எல்லாம் சரியாக வந்துவிடும், இப்போதே எழுதி ஏன் குழப்புவான் என்று நினைத்தேன். பிழையான அறிக்கை எழுதுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். கள்ளர் மிகக் குறைவு.

இரண்டாம் மாரியில் புல் இடுப்பளவு. புல்லுக்குள் கையளவு உடைமர முள்ளுக் கன்றுகள். விஷ்ணுகிரந்தி வெயில் இல்லாமல் வெளிறிச் செத்திருந்தது. பன்னிரண்டு காலை தேடினேன். ஒன்றும் இல்லை. கடைசி நாள் படலையைப் பூட்டிவிட்டு வெளியே வந்து, வண்டிப்பாதை ஓரத்தில் விடுபட்ட அந்த ஒடுங்கிய துண்டில் களைத்துப்போய் இருந்தேன். காசீம் நானாவின் மாடுகள் கல்லுத்தரைக்குப் போகிற வழி அது. நெருக்கி நெருக்கி மிதித்துப் புல்லைக் கரம்பியிருந்தன. கீழே பார்த்தேன். நீலப் பூ. அதன் பக்கத்தில் ஒரு வண்டு. முழங்காலில் விழுந்து தேடினேன். ஏழு வண்டுகள் இருந்தன. ஏழும் உயிரோடு இருந்தன.

நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது மணிச் சத்தம் பக்கத்தில் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"என்ன மிஸ், இண்டைக்கு வேலிக்கு வெளியால கும்பிடுறீங்கள்?"

சொன்னேன். உள்ளே ஒன்றுமில்லை, வெளியே ஏழு என்று. அவருக்குச் சிரிக்க எல்லா உரிமையும் இருந்தது. அவருடைய மாடுகளுக்கு அந்த இரண்டு வருடமும் விலா எலும்பு தெரிந்தது. நானாட்டானில் இரண்டு பேர் தங்கள் மாடுகளை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டும் போயிருந்தார்கள். அவர் வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வேலி பயிரை மேஞ்ச கதை கேட்டிருக்கிறன்" என்றார். "வேலி வண்டைத் திண்ட கதை இப்பத்தான் கேக்கிறன்."

எனக்கும் அழுகைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மாடுகளைப் பத்திக்கொண்டு போனார். நான் அதைவிட நல்லாக ஏச்சு வாங்கியிருக்க வேண்டும்.

அடுத்தநாள் மேலதிகாரியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், முதல் வருட அறிக்கை உட்பட. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வாற மாசம் கொழும்பில இருந்து ஆக்கள் வேலியைப் பார்க்க வரினம். அதுவரைக்கும் பேசாம இரும் பிள்ளை. பிறகு பார்ப்பம்" என்றார். பிறகு என்றால் மாரி முடிந்துவிடும். வெளியே இருந்த ஏழும் முட்டை இட்டால், அந்த முட்டைக்குச் செடி வேண்டும். அந்தத் துண்டு ஒரு மாட்டு வண்டில் அகலம்தான்.

நான் நேரே தரவைக்குப் போனேன். பூட்டைத் திறந்து, படலையை அகலத் தள்ளிவிட்டு, காசீம் நானாவைத் தேடிப்பிடித்தேன். அன்றைக்கு என்னை நானே பெரிய வீராங்கனை என்று நினைத்துக்கொண்டேன்.

"படலை திறந்துதான் கிடக்கு நானா. மாட்டை உள்ள விடுங்கோ."

"கடுதாசி இருக்கோ?"

"கடுதாசி பிறகு வரும். நான் சொல்லுறன்தானே."

அவர் அசையவில்லை. "மிஸ், பிடிபட்டா உங்களுக்கு இடமாற்றம் வரும். எனக்கு மாடு போகும். அதுவும் என்ர மாடில்ல, ஊராக்கள் நம்பித் தந்த மாடு. கடுதாசி இல்லாம ஒரு கண்டுகூட உள்ள வராது."

இதை நீங்கள் நன்றாக ஞாபகம் வைத்திருங்கள். நாங்கள் துணிந்து ஏதாவது செய்யும்போது அந்தத் துணிவுக்கு விலை கொடுப்பது பெரும்பாலும் வேறு யாராவதுதான். என் துணிவை அவருடைய மாட்டின்மேல் ஏற்றப் பார்த்தேன். அவர் இறக்கி வைத்துவிட்டார். நான் படலையைத் திரும்பப் பூட்டிவிட்டுக் கந்தோருக்கு வந்தேன்.

மேலதிகாரியின் மேசைக்கு முன்னால் இருந்தபடியே ஒரு கடிதம் எழுதினேன். 'இந்த வேலி தரவைக்குக் கேடு செய்துள்ளது. இதை அமைக்கும்படி சொன்னவள் நான். காசீம் என்பவர் பொறுப்பில் உள்ள மாட்டுப் பட்டி காலபோகம் முழுவதும் இத்தரவையில் மேயவேண்டும் என்பது எமது தேவை. அது அவர் கேட்ட சலுகை அல்ல.' மேலதிகாரி இரண்டு தரம் வாசித்தார். "உம்மட பெயரைப் போடும். என்ர பெயர் வேண்டாம்" என்றார். போட்டேன். ஆனால் கந்தோர் முத்திரையை அவரே எடுத்துக் குத்தினார். அவரைப் பற்றி யாராவது குறை சொன்னால் நான் அந்த முத்திரையைத்தான் நினைப்பேன்.

காசீம் நானா கடிதத்தை ஒரு சொப்பிங் பையில் சுற்றி, சாரத்து மடிப்பில் வைத்துக்கொண்டு மாடுகளை உள்ளே ஓட்டினார். கொழும்பிலிருந்து வந்தவர்கள் வேலிக்குள் மாட்டைக் கண்டு முகம் சுளித்தார்கள். எனக்குப் பதவி உயர்வு மூன்று வருடம் பிந்தியது. அதெல்லாம் பெரிய விஷயமில்லை. அடுத்த மாரியில் வண்டுகள் அந்தத் துண்டிலிருந்து தரவைக்குள் நடந்து வந்திருந்தன. வேலியிலிருந்து பதினொரு எட்டு தூரம். அதற்கடுத்த மாரியில் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு வருடமும் நானும் காசீம் நானாவும் வேலியிலிருந்து எட்டு வைத்து அளப்போம். அவருடைய எட்டு பெரிது, என்னுடையது சிறிது. அதற்கும் ஒரு சண்டை நடக்கும்.

"இதுகள் நடுத்தரவைக்கு வரேக்க எங்களுக்கு மண்டை நரைச்சிடும் மிஸ்" என்பார்.

"நரைக்கட்டும் நானா. நரைச்ச மண்டையோட வந்து பாப்பம்" என்பேன்.

தொண்ணூறாம் ஆண்டு மாரி தொடங்கும் நேரம், முஸ்லிம் சனங்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று சொல்லப்பட்டது. நான் அப்போது மன்னார்த் தீவில் இருந்தேன். கூடப் படித்தவர்கள், கூட வேலை செய்தவர்கள், கைப்பையோடும் பிள்ளைகளோடும் கடற்கரைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிலருக்குத் தண்ணீர் கொடுத்தேன். அதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. சிலாவத்துறை இருக்கும் தரைப்பக்கம் போக வழியும் இருக்கவில்லை.

காசீம் நானாவைப் பற்றி நாலைந்து மாதம் கழித்துத்தான் அறிந்தேன். தன் மாட்டைத் தேடிப் போன நானாட்டான் கமக்காரர் ஒருவர் வந்து சொன்னார். போவதற்குக் கிடைத்த கொஞ்ச நேரத்தில் காசீம் நானா மாடுகளை ஒவ்வொருவர் குறியாகப் பிரித்து நிறுத்தி, உரியவர்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். தன் சொந்த மாடுகளைத் தரவைக்குள் விட்டிருக்கிறார்.

"படலையைத் திறந்து, கயித்தால கட்டையோட சேர்த்துக் கட்டிப்போட்டுப் போயிருக்கிறார் மிஸ்" என்றார் அந்தக் கமக்காரர். "காத்துக்கு மூடுப்பட்டா மாடு உள்ள போகாது எண்டு நினைச்சிருப்பார்."

வீட்டைப் பூட்டவே நேரம் இல்லாத ஒரு மனிதர், என் படலையைத் திறந்து கட்டுவதற்கு நின்றிருக்கிறார்.

அதற்குப் பிறகு யுத்தத்தில் இருபது வருடத்துக்கு மேல் அந்தத் தரவையில் ஒரு மாடும் மேயவில்லை. அவர் விட்டுப்போன மாடுகள் என்னவாயின என்று யாருக்கும் தெரியாது. நானும் இடம்பெயர்ந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி இடம்பெயர்ந்தேன். வவுனியாவில் ஒரு மேசையில் இருந்து வேறு பூச்சிகளைப் பற்றிக் கடிதம் எழுதினேன். என் பதிவுகளில் பாதி போன இடம் தெரியாது. ஆனால் மாரியின் முதல் மழை விழுந்தால் எங்கே இருந்தாலும் எனக்கு வேலை ஓடாது. இப்போது வெளியே வந்திருக்கும், மண்ணைத் தட்டிவிட்டு மூஞ்சியை நீட்டிப் பார்க்கும், இந்த வருடம் எத்தனை எட்டு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். ஒரு வண்டுக்காக இப்படி ஏங்குவாளா ஒருத்தி என்று சிரித்தவர்களும் உண்டு. வண்டு மட்டும் இல்லை. அந்தப் புல், அந்த மணிச் சத்தம், எட்டுக்கு நடந்த சண்டை எல்லாம் சேர்ந்துதான்.

யுத்தம் ஓய்ந்து, கண்ணிவெடி எடுத்து முடித்தபின் அனுமதி வாங்கிப் போனேன். தரவையைக் காணவில்லை. ஆளுயரத்துக்கு மேல் உடைமரக் காடு. கட்டைகளில் சில நின்றன. மூன்று நாள் தவழ்ந்து தேடினேன். முள் கிழித்ததுதான் மிச்சம். வண்டு இல்லை, நீலப் பூ ஒன்றுகூட இல்லை.

அதற்கடுத்த வருடம் மன்னார்க் கந்தோருக்கு ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். "மிஸ் எண்டா நீங்களோ? நான் காசீமின்ர மகள், ரிபாயா" என்றாள். நான் எழும்பிவிட்டேன். "வாப்பா எங்க?" என்று கேட்டேன். "வாப்பா புத்தளத்தில மௌத்தாகி நாலு வருசம் மிஸ்" என்றாள்.

ரிபாயா குடும்பத்தோடு சிலாவத்துறைக்குத் திரும்பியிருந்தாள். கொஞ்சம் மாடு வாங்கியிருந்தாள். மேய்க்கத்தான் இடமில்லை. தரவை இப்போது காடு என்று பதிவாகிவிட்டது. அங்கே மாடு மேய்த்ததாக எந்த அத்தாட்சியும் இல்லை என்று ஒவ்வொரு கந்தோரிலும் சொன்னார்களாம். அவள் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து என் மேசையில் வைத்தாள். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்னால் நாடா ஒட்டிய என் கடிதம். "வாப்பாட பேரும் தரவையும் சேர்ந்து இருக்கிற கடுதாசி இது ஒண்டுதான் மிஸ்" என்றாள்.

என் பிழையை ஒப்புக்கொண்ட கடிதம் அவர்களுக்குக் காணி உறுதிப் பத்திரம் மாதிரி உதவியது. அதை வைத்துத்தான் ஒரு துண்டுக் காட்டை வெட்டவும், கூன்வண்டின் வாழிடத்தை மீட்பதற்காக மாடு மேய்க்கவும் ரிபாயாவுக்கு அனுமதி எடுத்தோம். அந்த நாட்களில் ஒருநாள் அவளிடம் சொன்னேன்: "நான் பிழை எண்டு கடிதத்தில எழுதினன். வாப்பாட்ட வாயால ஒருநாளும் சொல்லேல்ல."

ரிபாயா யோசித்தாள். "வாப்பா உங்களை ஒருநாளும் ஏசினதில்ல மிஸ். வேலியைத்தான் ஏசுவார்."

என்னை ஏசியிருக்கலாம். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வது?

நான் ஓய்வு பெற்றபின்னும் ஒவ்வொரு மாரிக்கும் போகிறேன். முழங்கால் மடங்காததால் ரிபாயா கதிரை கொண்டுவந்து போடுகிறாள். மாடு இறங்கிய இரண்டாம் மாரியில் நீலப் பூ வந்துவிட்டது. மண்ணுக்குள் விதை கிடந்திருக்கிறது. வண்டு வரவில்லை.

போன வருடம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. அழிந்துவரும் உயிரினங்களின் பட்டியலைத் திருத்துகிறார்களாம். இந்த வண்டைக் கடைசியாகக் கண்டவள் நான் என்பதால் என் கையெழுத்து வேண்டும். 'இல்லாமல் போனது' என்ற இடத்தில் ஒப்பமிட்டால் வேலை முடிந்தது. ஆனால் வண்டு இல்லை என்றால் மீட்க வாழிடமும் இல்லை. ரிபாயாவின் அனுமதி போய்விடும். அந்தக் காணியை வேறு திட்டமொன்றுக்குக் கேட்டும் இருக்கிறார்கள்.

கடிதத்தை ரிபாயாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் நேரே கேட்டாள். "கண்டனான் எண்டு எழுதுங்கோவன் மிஸ். ஆர் வந்து பாக்கப் போறாங்கள்?"

"ஒருக்கா பொய் எழுதினனான் ரிபாயா. அந்தப் பொய்யாலதான் ஒரு மாரி வீணாப் போனது. உன்ர வாப்பாட மாடு இன்னொரு வருசம் பட்டினி கிடந்தது."

"அப்ப எங்கட மாடு?"

ஒருவாரம் பேனையைத் தொடவில்லை. பிறகு எழுதி அனுப்பியது இதுதான்: 'தேடினேன். காணவில்லை. ஆனால் இந்த வண்டு எங்காவது ஓரத்தில் மிஞ்சியிருந்தால், நடந்துதான் வரும். இத்தரவை இருபது வருடத்துக்கு மேல் மாடு இல்லாமல் கிடந்தது. மாடு இல்லாமல் கிடந்த வருடங்கள் எத்தனையோ, அத்தனை வருடம் மாடு மேய்ந்து முடியும்வரை, இல்லாமல் போனது என்று எழுத எனக்கோ வேறு எவருக்குமோ ஆதாரம் போதாது.' இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பெயரையும் போட்டேன்.

இதுவரைக்கும் அவர்கள் மறுத்து எழுதவில்லை. ரிபாயாவின் மாடுகள் இந்த மாரியும் இறங்கியிருக்கின்றன. ஆனால் அந்தப் படிவம் மறுபடி வரும். அடுத்த தரம் அது உங்களில் ஒருவரின் மேசைக்குத்தான் வரும்.

வருடங்களைக் கூட்டிப் பார்த்தேன். அவ்வளவு காலம் நான் இருக்க மாட்டேன். ரிபாயா கிழவியாகியிருப்பாள். நீங்கள் இருப்பீர்கள். அந்தக் கணக்கு முடியும் மாரியின் முதல் மழைக்கு யாராவது ஒருவர் போய், மாடு மிதித்த இடத்தில் முழங்காலில் நின்று பாருங்கள். கண்டால் முதலில் ரிபாயாவிடம் போய்ச் சொல்லுங்கள். கந்தோருக்குப் பிறகு எழுதலாம்.